தயாவதி வீட்டுக் கோரை

கோரையும் ஒரு புல்தானே என்று யாராவது சொன்னால், அவர் அதோடு மல்லுக்கு நின்றதில்லை என்று தெரிந்துகொள்ளலாம். மேலே பார்த்தால் பரம சாது. மூன்று இலை, நடுவில் ஒரு பூ, அவ்வளவுதான். கீழே மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகக் குடும்பம் பெருக்கிக்கொண்டிருக்கும். தலையைச் சீவினால் நாலாம் நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நிற்கும். எழுபதாம் வருஷம் ஆவணி மாதத்தில், வீட்டுக்காரர் ராஜகோபாலிடமிருந்து கடிதம் வந்த பிறகுதான் தயாவதிக்கு இதெல்லாம் தெரிந்தது.

ராஜகோபால் வடக்கே எங்கோ பெரிய இஞ்சினியர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், நெசவாளர் தெரு முடிகிற இடத்தில் ஒரு வீடு கட்டி, எட்டு வருஷம் அதில் இருந்துவிட்டு, வேலை மாற்றலாகிப் போனவர். அந்தத் தெருவில் மற்ற வீடுகளெல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்க, இந்த வீடு மட்டும் சுற்றுச்சுவர், இரும்பு கேட்டு என்று உள்ளே தள்ளி நின்றது. முன்னால் முப்பதடிக்கு இருபதடி புல்தரை. அவர் அதை 'லான்' என்பார். மாடு மேயாத பில்லு எதுக்கு என்று எதிர்வீட்டுத் தில்லையம்மாள் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள் புருஷன் திருஞானசம்பந்தம் பட்டு நெய்கிறவர். பிரயோஜனமில்லாமல் ஒரு சாண் இடத்தைக்கூட விட்டுவைக்காத குடும்பம் அது.

வீட்டைத் தயாவதியின் கணவன் தேவகுமாரிடம் ஒப்படைக்கும்போது ராஜகோபால் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். புல்தரையைக் காப்பாற்ற வேண்டும். தேவகுமார் தலையை ஆட்டினான். அன்றைக்கு அவர் யானை வளர்க்கச் சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பான்.

காரணம் இருந்தது. அவர்கள் ஜைனர்கள். கல்யாணமாகிக் காஞ்சிபுரத்துக்கு வந்த பதினோரு வருஷத்தில் நாலு வீடு மாறியிருந்தார்கள், நாலும் ஒண்டுக்குடித்தனம். முதல் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று தயாவதி பொதுச் சமையற்கட்டில் மூன்று மணிக்கே அடுப்பு மூட்டியது சண்டையானது. மூன்றாவது வீட்டில் கிணற்றுத் தண்ணீரால் வந்தது. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பாள். வடிகட்டிய துணியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கும், அவற்றை எடுத்த கிணற்றிலேயே திருப்பி விட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். துணியை அலசி அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்குள் ஊற்றினாள். அழுக்கைக் கொண்டுபோய்க் கிணத்துல கொட்டறாளே என்று குடித்தனக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். மறு மாதமே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று.

ராஜகோபால் வீட்டில் தனி அடுப்பு, தனிக் கிணறு. வந்த முதல் நாள் தயாவதி வடிகட்டிய துணியைக் கிணற்றில் அலசிவிட்டு, பழக்கத்தில் சுற்றுமுற்றும் பார்த்தாள். கேட்க யாரும் இல்லை. அன்றிலிருந்து இந்த வீட்டை விட்டுப் போவது என்ற பேச்சையே அவள் யாரையும் எடுக்க விடமாட்டாள்.

முதல் இரண்டு வருஷம் புல்லைக் குழந்தை மாதிரிதான் பார்த்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் ஊறுகிற தண்ணீர் குடிக்கவும் குளிக்கவுமே இழுபறி. புல்லுக்கு எங்கே போவது? அது காய்ந்தது, வெளுத்தது, சொட்டை விழுந்தது. அடுத்த வருஷம் நாலு தூறல் போட்டதும் சொட்டை விழுந்த இடமெல்லாம் பச்சையாகக் கிளம்பியது. பிழைத்துக்கொண்டது என்று சந்தோஷப்பட்டாள். வந்தது பூராவும் கோரை என்று தெரிந்தபோது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். வீட்டுக்காரரோ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார். விட்டது தப்புதான், அதை அவளே பிற்பாடு ஒப்புக்கொண்டாள்.

இந்த நிலைமையில்தான் கடிதம் வந்தது. மார்கழி மூன்றாம் தேதி வருகிறேன், வீட்டைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, லான் நலமா என்று எழுதியிருந்தார். மனுஷர்களை நலமா என்று கேட்கவில்லை.

தேவகுமார் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தான். முழங்கால் உயரத்துக்குக் கோரை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையிலேயே தயாவதி கதிர் அரிவாளோடு இறங்கினாள். முதலில் தென்னந்துடைப்பத்தால் மேலாகத் தடவிக்கொடுத்து வெட்டுக்கிளி, பூச்சி எல்லாம் ஓடுகிறதற்கு அவகாசம் கொடுப்பாள். அப்புறம் கோரையை மண்ணுக்கு மேலே சீராக அறுப்பாள். முப்பதடியையும் அறுத்து முடிக்க மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் முதலில் அறுத்த இடத்தில் விரற்கடை உயரம் வளர்ந்து நின்றது. மறுபடி அறுத்தாள். மறுபடி வந்தது, முன்னைவிட அடர்த்தியாக. ஆவணி முழுவதும் இப்படியே போயிற்று. கோரைக்குச் சலிக்கவில்லை, அவளுக்குத்தான் முதுகு விட்டுப்போயிற்று.

தில்லையம்மாள் இதைத் தறியில் உட்கார்ந்தபடியே வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்தாள்.

"ஏம்மா தயா, நீ இன்னா அதுக்குக் கிராப்பு வெட்டிக்கினு இருக்கிறே? அடியில கெழங்கு இருக்குதும்மா. மம்முட்டி போட்டுத் தோண்டிக் கெழங்கைப் பொறுக்காத வரைக்கும் நீ அறுத்துக்கினேதான் இருக்கணும்."

"தோண்ட மாட்டேன்க்கா. எனக்கு விரதம்" என்றாள் தயாவதி.

கல்யாணமான வருஷம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலுக்கு ஒரு பெண் துறவி வந்திருந்தார். தயாவதி அவர் முன்னால் ஒரு விரதம் ஏற்றுக்கொண்டாள். மண்ணுக்குள் எத்தனையோ உயிர் குடியிருக்கிறது, அதனால் மண்ணைத் தோண்டுகிற காரியத்தைச் செய்யமாட்டேன், பிறரை ஏவிச் செய்விக்கமாட்டேன், செய்ததை மெச்சமாட்டேன். ஊரில் நிலம் உழுகிற அவள் அப்பா மகாவீரன், நான் உழுத நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு இப்படி ஒரு விரதமா என்று சிரித்தார். ஆனாலும் விரதம் விரதம்தான். அவளைப் பொறுத்தவரை புல்லை மேலாக அறுப்பதற்கே மனசு ஒப்பவில்லை, வீட்டுக்காகப் பொறுத்துக்கொண்டாள். கிழங்கைத் தோண்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

தில்லையம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஆள் வைத்துத் தோண்டினால்? அதுவும் கூடாது. நான் தோண்டினால்? அதுவும் ஏவினது மாதிரிதான். சாமி கும்பிடறதுல எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுடுவீங்கம்மா என்று சொல்லிவிட்டுத் தறிக்குத் திரும்பிவிட்டாள்.

தேவகுமார் ஒரு யோசனை செய்தான். நல்ல யோசனைதான். ஜைனர்களுக்கு விசேஷ நாளான சதுர்த்தசியன்று தயாவதி கோயிலுக்குப் போனால் திரும்ப மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் இரண்டு ஆளை விட்டுத் தோண்டிக் கிழங்கைப் பொறுக்கி, மண்ணை நிரவிவிடலாம். அவளுக்குத் தெரியாமல் நடந்தால் அவளுக்குப் பாவம் இல்லை. வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் அவன் கையில் பத்து ஆள் வேலை செய்தார்கள், கூப்பிட்டால் வருவார்கள். எல்லாம் சரியாகத்தான் யோசித்தான். கடைசியில் போய் அதை அவளிடமே சொன்னான்.

"நீ கோயிலுக்குப் போயிட்டு வா தயா. மத்ததை நான் பாத்துக்கறேன். உனக்கு ஒண்ணும் தெரியாது, அவ்ளோதான்."

தயாவதி கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தாள்.

"இப்பத்தான் தெரிஞ்சிடுச்சே. சொல்லாம செஞ்சிருக்கலாம் இல்ல?" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இப்போ நான் சும்மா இருந்தாலே சம்மதிச்ச மாதிரி ஆயிடுமே."

பெண்டாட்டியிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாத புருஷனால் இப்படியும் ஒரு நஷ்டம். தேவகுமார் தலையில் அடித்துக்கொண்டான். ஆட்களிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். புரட்டாசியும் பாதி போய்விட்டது. தயாவதி அறுத்துக்கொண்டேயிருந்தாள். சமைக்கும்போதும் மகள் தனலட்சுமிக்குத் தலை பின்னும்போதும் அவள் மனசு வேறு வீடு தேடி அலைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொதுக் கிணறு இருந்தது.

புரட்டாசிக் கடைசியில் இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் காலை வெளிவாங்கியது. அன்று சதுர்த்தசி. தேவகுமார் ரயிலுக்குப் போன பிறகு, மகளையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தயாவதி கோயிலுக்குக் கிளம்பினாள். மழையால் இரண்டு நாள் வேலை கெட்டுப்போயிருந்த தெருவே அன்று பாவு போட இறங்கியிருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழையைப் பிணைத்து ஒழுங்கு செய்வதுதான் பாவு போடுவது. திருஞானசம்பந்தத்தின் பாவுக்கு ஒரு முனை தெருவின் அந்தக் கோடியில், இன்னொரு முனை தயாவதி வீட்டுக் கேட்டுக்கு உள்ளே இருக்கிற கல் தூண். வழக்கமாக நடப்பதுதான். கேட்டைத் திறந்து கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு, வேலை முடிந்ததும் அவிழ்த்துக் கேட்டைச் சாத்திவிட்டுப் போவார்.

அன்றைக்கு மறுபடி மேகம் கட்டியது. பட்டு நனைந்தால் போச்சு. திருஞானசம்பந்தம் அவசர அவசரமாகப் பாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். கேட்டுத் திறந்தது திறந்தபடியே கிடந்தது.

தயாவதி பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தாள். கேட்டருகில் தில்லையம்மாள் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. தயாவதி அவளைத் தாண்டி உள்ளே பார்த்தாள்.

புல்தரை இல்லை. அந்த இடத்தில் சேறும் குழியுமாக ஒரு நிலம் கிடந்தது. குட்டையோரத்துப் பன்றிகள், குட்டியும் பெரிசுமாக ஏழெட்டு, உள்ளே புகுந்து இரண்டு மணி நேரம் மூக்காலேயே உழுதுவிட்டுப் போயிருந்தன. மழையில் ஊறிய மண் அவற்றுக்கு வாகாக இருந்திருக்கிறது. ஒரு மூலைகூடப் பாக்கி இல்லை.

தயாவதி பூஜைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். கோரையாவது பச்சையாக இருந்தது. ஏதோ புல் இருக்கிறது என்று தூரத்திலிருந்து காட்டிச் சமாளித்திருக்கலாம். இப்போது அதுவும் போயிற்று. இந்த வீடு கையை விட்டுப் போய்விட்டது என்று அவள் அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாள். சத்தம் வராமல் அழுதாள்.

"எம் புருசன்தான் கேட்டைத் தொறந்து போட்டுட்டாரு. நான் உள்ள பாவு பிணைச்சிக்கினு இருந்துட்டேன், பாக்கறதுக்குள்ள இப்படிப் பண்ணிட்டுப் பூடுச்சுங்க. வீட்டுக்காரர் வந்தா நானே சொல்றேம்மா" என்று தில்லையம்மாளும் கூட உட்கார்ந்து அழுதாள்.

அழுது என்ன ஆகப்போகிறது? மத்தியானம் தயாவதி எழுந்து வந்தாள். குழியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தோண்டத்தான் கூடாது, கிளறிப்போட்ட மண்ணைத் திரும்பக் குழியில் தள்ளி மூடுவதற்கு விரதத்தில் தடை இல்லை. மேகம் கலைந்து அடித்த வெயிலில் துடித்துக்கொண்டிருந்த மண்புழுக்களை ஒவ்வொன்றாக ஈர மண்ணுக்குள் விட்டாள். பிறகு மண்ணைக் கையால் தள்ளிக் காலால் மெல்ல அழுத்தினாள். தில்லையம்மாளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பாதி முடிந்தபோது தில்லையம்மாள்தான் சட்டென்று நிமிர்ந்தாள். ஒரு பிடி மண்ணை அள்ளி உதிர்த்துப் பார்த்தாள். இன்னொரு இடத்தில் அள்ளிப் பார்த்தாள்.

"தயா, கெழங்கு எங்கே?"

இருவரும் தேடினார்கள். அறுந்த கோரைத் தாள் கிடந்தது, சேற்றில் மிதிபட்ட வேர் கிடந்தது. கிழங்கைக் காணோம். தேடித் தேடி ஒரு மூலையில் நாலைந்து கிடைத்தது, அவ்வளவுதான். கோரைக்கிழங்கென்றால் பன்றிக்கு உயிர் என்று தில்லையம்மாளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அழுகிற அவசரத்தில் ஞாபகம் வரவில்லை.

பழைய அருகம்புல் மட்டும் கோரைக்கு அடியில் அங்கங்கே உயிரை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பன்றிகள் அதைத் தின்னவில்லை, துண்டு துண்டாக அறுத்து நாலா பக்கமும் இறைத்துவிட்டுப் போயிருந்தன. அருகுக்கு அதுவே போதும், ஒரு கணு மண்ணில் பட்டால் வேர் விட்டுவிடும். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி என்று கல்யாணத்தில் சும்மாவா வாழ்த்துகிறார்கள்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி அடைமழை. பத்தாம் நாள் வாசல் தெளிக்க வந்த தயாவதி அப்படியே குனிந்து பார்த்தாள். சேற்றில் ஊசி ஊசியாகப் பச்சை. கோரையா என்று பயந்துகொண்டே தொட்டுப் பார்த்தாள். கோரையில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோரை தலை நீட்டத்தான் செய்தது, ஆனால் அறுக்க அறுக்க அதுவும் களைத்துப்போயிற்று.

அவளுக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கூடவே ஒரு சங்கடமும் வந்தது. தோண்டினதை மெச்சக் கூடாது என்றுதானே விரதம்? பன்றி தோண்டினதற்கு இவள் இப்படி மகிழ்ந்துபோகிறாளே. அதற்காக ஒரு நாள் முழுக்க உபவாசம் இருந்தாள். மறுநாள் காலை புல்லைப் பார்த்தபோது சந்தோஷம் கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கார்த்திகைத் தீபத்தின்போது தரை முழுவதும் மூடிவிட்டது. மார்கழி மூன்றாம் தேதி மூன்று மணிக்கு ராஜகோபால் வந்தபோது, கேட்டிலிருந்து வாசற்படி வரை பச்சையாக, வழுக்கை ஒன்றுகூட இல்லாமல் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்தார். தேவகுமார் மில்லிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை. தயாவதி நாற்காலியைப் புல்லில் கொண்டுவந்து போட்டுவிட்டுக் கதவோரமாக நின்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். இந்தத் தெருவிலிருந்து யாரோ பெயர் போடாமல் எழுதியது. தங்கள் வீட்டில் குடியிருப்போர் லானைப் பாழாக்கிவிட்டார்கள், அதில் பன்றி மேய்கிறது, வீட்டைத் தக்க மனிதர்களுக்கு விடுவது நலம் என்று கண்டிருந்தது. ஆளை மாற்றிவிடுவது என்று தீர்மானித்துத்தான் வந்ததாக அவர் சொன்னார். இங்கே வந்து பார்த்தால் இப்படி இருக்கிறது.

"யாரோ வேண்டாதவன் எழுதியிருக்கான் போல. பொய்தானே?" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிரே சாட்சிக்கு முப்பதடிப் புல் இருக்கிறது. அவரே பொய்யென்று சொல்லி வாசலைத் திறந்துவிட்டிருக்கிறார். உள்ளே இருக்கிற அடுப்பும் கொல்லைக் கிணறும் கண்முன் வந்து போயின.

"நிஜந்தாங்க ஐயா" என்றாள். "பன்னி மேஞ்சது நிஜம். அதுக்கு முன்னாடி நான் பாழாக்கினதும் நிஜம்."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. மழை பொய்த்தது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தான் விட்டது, கோரை, விரதம், தேவகுமாரின் யோசனை, பன்றிகள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கேட்டைத் திறந்துபோட்டது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. உபவாசம் இருந்ததைச் சொல்லும்போது ராஜகோபாலின் தோள் குலுங்கியது. முதலில் கோபமென்று நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

அவர் இருந்த எட்டு வருஷமும் இந்தக் கோரையோடுதான் போராடியிருக்கிறார். தோட்டக்காரன் வைத்துத் தோண்டுவார், கிழங்கு ஒன்று உடைந்து இரண்டாகும், இரண்டும் முளைக்கும். வருகிறவர்கள் கண்ணில் படாமல் காலையில் எழுந்து தாமே பிடுங்குவார். வீட்டை விட்டுப் போகும்போது அந்த ரகசியத்தையும் சேர்த்துத்தான் அவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். அதைச் சொல்லி, தப்பு என் பேரிலும் இருக்கும்மா என்றார்.

கார்டை நாலாகக் கிழித்தார்.

"நான் இனிமே இங்க வர்றதா இல்லைம்மா. பையன் கூடவே இருக்கப் போறேன். வீட்டை யார்கிட்ட விட்டா நிம்மதியா இருக்கலாம்னுதான் யோசிச்சுண்டிருந்தேன். நீங்களே இருங்க."

காபி குடித்துவிட்டு, இன்னொரு தடவை புல்லில் நடந்துவிட்டு அவர் கிளம்பிப் போனார். தயாவதி கேட்டைச் சாத்தினாள். உள்ளே போகக்கூடத் தோன்றாமல் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நாள் அதோடு பட்ட பாட்டில், ஒருநாள்கூட அவள் அதில் உட்கார்ந்ததில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்குச் சாயங்காலச் சாப்பாடு இல்லையென்று ஆகிவிட்டது, பசியும் இல்லை.

தேவகுமார் ரயில் விட்டு ஓட்டமும் நடையுமாக வந்தான். கேட்டைத் திறந்ததும், அவள் தரையில் உட்கார்ந்திருக்கிற கோலத்தைப் பார்த்து, வீடு போயிற்று என்றே நினைத்துவிட்டான்.

"இன்னா சொல்லிட்டுப் போனாரு?"

"இருக்கச் சொல்லிட்டாரு."

அவன் கேட்டைச் சாத்திவிட்டு வந்தான். காதில் விழுந்தது மனசுக்கு எட்ட நேரமாயிற்று. ஒண்டுக்குடித்தனமிருந்த பதினோரு வருஷமும் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் கேட்டுக் கேட்டுப் பழகிய அடுத்த கேள்வி தானாக வந்தது.

"எத்தினி நாளைக்கு?"

தயாவதி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயோ, அதைக் கேக்கவே தோணலைங்க" என்றாள்.